புள்ளியும் பூட்டும்

கேபிள் டி.வி. கண்ட்ரோல் ரூமில் வேலைக்குச் சேர்ந்ததும் என் கையில் ஒரு பிளேடையும், பழைய ஒயர்த் துண்டுகள் நிறைந்த ஒரு வாளியையும் கொடுத்தார்கள். 1990-களின் கடைசி வருடங்கள் அவை. வட சென்னையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். மொட்டை மாடியில் வானம் பார்த்த பெரிய வலை டிஷ்கள், ஓரத்தில் ஏ.சி. போட்ட ஓர் அறை. அறைக்குள் ரிசீவர்களும் மாடுலேட்டர்களும் அடுக்கிய இரும்பு ரேக்குகள். அவற்றைத் தொட எனக்கு வெகு காலம் அனுமதி கிடைக்கவில்லை.

அனுமதி தர வேண்டியவர் அண்ணன். அந்த அறையில் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். டயனோரா, சாலிடேர் டி.வி.க்களைப் பழுதுபார்த்துக் கை பழகியவர். செயற்கைக்கோள் சேனல்கள் வந்தபோது டிஷ் பக்கம் வந்துவிட்டார். ஐ.டி.ஐ. படித்தவர், பிறகு தானாகவே நிறையப் படித்தவர். இன்று என்னிடம் இருக்கும் தொழில் முழுக்க அவர் கொடுத்தது. அதை எப்படிக் கொடுத்தார் என்பதை எழுதிவைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதல் பாடம் ஒயர் சீவுவது. வீடுகளுக்கு இழுக்கும் ஆர்.ஜி. 6 ஒயரில் மேலே கறுப்பு உறை, அதன் கீழ் அலுமினியப் பின்னல், அதன் கீழ் வெள்ளித் தாள், பிறகு வெள்ளை ஃபோம், நடுவில் செம்பு பூசிய எஃகுக் கம்பி. உறையைப் பிளேடு மெத்தென்று வெட்டிக்கொண்டு போகும். பின்னலைத் தொட்ட கணத்தில் விரலில் ஒரு சின்ன நறநறப்பு வரும். அது வருவதற்கு மயிரிழை முன்னால் கை நிற்க வேண்டும். என் கை நிற்கவில்லை. பின்னலை அறுத்தேன், அதைத் தவிர்க்கப் பயந்து வெட்டியபோது உறை பாதியில் கிழிந்தது. ஃபோமைச் சீவும்போது நடுக்கம்பியின் செம்பைச் சுரண்டினேன். உயர் அதிர்வெண் மின்னோட்டம் கம்பியின் மேல்தோலில்தான் ஓடும், உள்ளே இருக்கும் எஃகுக்குப் போகாது. செம்பைச் சுரண்டினால் சிக்னல் போகும் பாதையையே சுரண்டியதாகும். இதை அண்ணன் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அதன் பிறகு நான் சீவிய முனையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் நறுக்கி வாளியில் போட்டுவிடுவார்.

முனை தேறிய பிறகும் கனெக்டர் தேறவில்லை. பின்னலின் ஒரே ஒரு நூல் மடங்கி நடுக்கம்பியைத் தொட்டாலும் அந்த வீட்டில் படமே வராது. அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பின்னல் கனெக்டரைச் சரியாகக் கவ்வாமல் இருப்பதுதான் பொல்லாதது; படம் வரும், ஆனால் கூடவே வேறொன்றும் வரும். அண்ணன் அதைத் தூர்தர்ஷனை வைத்துக் காட்டினார். கோபுரத்திலிருந்து காற்றில் வரும் அலை, ஒயர் வழியாக வரும் அதே நிகழ்ச்சியை முந்திக்கொண்டு, ஒழுங்காக மூடாத கனெக்டருக்குள் புகுந்துவிடும். அப்போது செய்தி வாசிப்பவரின் இடப்பக்கத்தில் இன்னொரு மங்கலான முகம் நிற்கும். “நிழல் இடது பக்கம்னா முந்தி வந்தது, காத்துல வந்தது. வலது பக்கம்னா பிந்தி வந்தது, எங்கேயோ மோதித் திரும்பினது. நிழல் எந்தப் பக்கம்னு பாத்துட்டு அப்புறம் ஏணி எடு” என்றார். நான் போட்ட கனெக்டரில் அந்த இடப்பக்க முகம் மறையும் வரை வேறு வேலை தரவில்லை.

இரண்டாவது பாடம் கண்ணுக்கு. கெட்ட படங்களையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். திரை முழுக்கப் பொரிகிற வெள்ளைப் புள்ளிகள் என்றால் சிக்னல் பலவீனம். மெதுவாக ஏறும் கறுத்த பட்டை ஒன்று என்றால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் எங்கோ கலக்கிறது. பட்டை இரண்டு என்றால் ஆம்ப்ளிஃபையரின் பவர் சப்ளையில் கண்டென்சர் போய்விட்டது, 100 ஹெர்ட்ஸ். திடீர் திடீரென்று கிடைமட்டக் கோடுகள் வெட்டினால் பக்கத்தில் வெல்டிங் பட்டறை. டிஷ்ஷில் வாங்கும் அனலாக் படத்தில் கூர்மையான கறுப்பு வெள்ளைக் கீற்றுகள் மின்னினால் அது செயற்கைக்கோள் அலை தன் எல்லைக்குக் கீழே இறங்கியதன் அடையாளம்; அதற்கு ஒயரைத் தொட்டுப் பயனில்லை, டிஷ்ஷுக்குப் போக வேண்டும். கெட்டுப்போன படம் தன் நோவைத் தானே சொல்லும் என்பது அண்ணனின் நம்பிக்கை. எனக்கோ நெடுநாள் எல்லாமே ‘படம் சரியில்லை’ என்ற ஒரே நோவாகத் தெரிந்தது.

அறை மூலையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை டி.வி. இருந்தது. அதன் பின்புறத்தில் ஹோல்டு குமிழ்கள் இரண்டு. நம் நாட்டில் அன்று இருந்த பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோநொடி. ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் 4.7 மைக்ரோநொடி நீளமான ஒரு துடிப்பு வந்து ‘இங்கே தொடங்கு’ என்று டி.வி.க்குச் சொல்லும். குமிழை மெல்லத் திருப்பினால் ஓர் இடம் வரை படம் பிடிவாதமாக நிற்கும். விரல் அந்த எல்லையைத் தாண்டியதும் படம் சாய்ந்து, கிழிந்து, சாய்ந்த கோடுகளாக ஓடும். திரும்பக் கொண்டுவந்தால் சட்டென்று பூட்டிக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்ல, அந்த எல்லையை விரலால் கண்டுபிடிக்கப் பழக்கினார். இது எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. அவரும் விளக்கவில்லை.

சிக்னல் அளக்கும் மீட்டர் கைக்கு வந்ததும் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. கடைசித் தெருவில் ஒரு வீட்டில் புள்ளி. மீட்டர் வைத்தேன், அளவு குறைவு. கம்பத்தில் ஏறி ஆம்ப்ளிஃபையரின் கெயினைத் திருகினேன். மீட்டரில் எண் ஏறியது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் படம் பளிச்சென்று இருந்தது, புள்ளிகளும் பளிச்சென்று இருந்தன. இன்னும் திருகினேன், பக்கத்துச் சேனலின் சாயல் இதில் ஓட ஆரம்பித்தது. வீட்டு அம்மா, “முன்னாடியே தேவலை தம்பி” என்றார். அண்ணன் வந்து குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டுச் சொன்னார்: “கல்லு கலந்த அரிசியை எத்தனை படி அளந்தாலும் கல்லும் கூடவேதான் வரும். கல்லு எங்க கலந்துச்சுன்னு பாரு.”

அன்று இரவு உட்கார வைத்து, அந்தப் புள்ளிகளுக்குக் காரணமான இரைச்சல் என்றால் என்ன என்று விளக்கினார். எந்தக் கடத்தியிலும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டமே ஒரு சின்ன மின்னழுத்தமாக வெளியே தெரியும். 1928-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் அளந்து காட்டினார், நைக்விஸ்ட் கணக்கு எழுதினார். கம்பி சூடாக இருக்கும்வரை, அதாவது அது கம்பியாக இருக்கும்வரை, இரைச்சல் உண்டு. ஒவ்வோர் ஆம்ப்ளிஃபையரும் வாங்கிய இரைச்சலோடு தன் பங்கையும் சேர்த்து அனுப்பும். ஒரே மாதிரியான ஆம்ப்ளிஃபையர்கள் வரிசையாக இருந்தால், எண்ணிக்கை இரண்டு மடங்காகும்போது சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி 3 டெசிபல் (டி.பி.) சுருங்கும். அந்தத் தெருவுக்கு மருந்து கெயின் குமிழில் இல்லை. சிக்னல் களைத்துப்போன பிறகு இருந்த ஆம்ப்ளிஃபையரைக் கழற்றி, அது களைக்கும் முன்னாலேயே, முந்தைய கம்பத்தில் மாட்டினோம். கெயின் பழைய அளவுதான். புள்ளி போய்விட்டது. அந்த வீட்டு அம்மாவிடம் காட்டிவிட்டு வந்தபோது எனக்கிருந்த சந்தோஷத்தை இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வரிசையில் முதலில் நிற்கும் ஆம்ப்ளிஃபையர்தான் மொத்தத் தரத்தைப் பெருமளவு தீர்மானிக்கும்; 1944-இல் ஃப்ரீஸ் எழுதிய சூத்திரம் சொல்வது அதைத்தான். எங்களுக்கு அந்த முதல் ஆள் டிஷ்ஷின் குவிமையத்தில் தொங்கும் எல்.என்.பி. 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மிக மெல்லிய அலையை அதுதான் முதலில் கையேந்தி வாங்குகிறது. அதைக் கிளாம்ப்புக்குள் முன்பின் நகர்த்துவதும் திருப்புவதும் ஒரு தனிக் கலை. கிளாம்ப்பை இறுக்கும்போதே அது துளி திரும்பிவிடும். ஆகவே தேவையான இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்தி, இறுக்கம் அதைச் சரியான இடத்துக்கு இழுத்துவர விட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பது ஸ்பேனரைப் பிடித்த மணிக்கட்டுக்குத்தான் தெரியும். எனக்கு அது தெரிய இரண்டு கோடைகள் ஆயின.

ஒரு மார்ச் மாத நண்பகலில் நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். இன்சாட் டிஷ்ஷிலிருந்து வந்த சேனல்களில் திடீரென்று புள்ளி ஏறி, படங்கள் மூழ்கின. எல்.என்.பி. செத்துவிட்டது என்று நான் புதியதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அண்ணன் பின்னாலேயே நிதானமாக வந்து, “கையை வைக்காத, நிழலைப் பாரு” என்றார். எல்.என்.பி.யின் நிழல் டிஷ்ஷின் நட்டநடுவில் விழுந்திருந்தது. சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனும் ஒரு சூடான பொருள்தான்; அதன் இரைச்சல் டிஷ்ஷுக்குள் நேராகக் கொட்டுகிறது. சில நிமிடங்களில் நிழல் நகர்ந்தது, படங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. வருடத்துக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியை ஒட்டியும், சில நாட்கள் தொடர்ந்து இது நடக்கும். ஜான்சனின் கம்பியும் வானத்துச் சூரியனும் ஒரே இரைச்சலைத்தான் தருகின்றன என்பது அன்றைக்குத்தான் எனக்குள் இறங்கியது.

இதற்கிடையில் கட்டணச் சேனல்கள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனி டீகோடர், தனி அட்டை. அட்டையை உருவினால் படம் போய்விடும். இது எனக்குப் பிடிபடாத புது நோவாக இருந்தது. அண்ணன் என்னை மறுபடியும் அந்தக் கறுப்பு வெள்ளை டி.வி.யிடம் கூட்டிப்போனார். குமிழைத் திருப்பிப் படத்தைக் கிழியவிட்டு, “பழைய பூட்டு இதுதான்” என்றார்.

கோட்டின் தொடக்கத்தைச் சொல்லும் அந்தத் துடிப்பை மறைத்துவிட்டால் டி.வி.க்குப் படத்தை நிறுத்தத் தெரியாது. மறைத்த துடிப்பைத் திரும்பக் கொடுக்கும் பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவர் மட்டும் பார்க்கலாம். அதற்கும் முன்னால், 1951-இல் அமெரிக்காவின் சிகாகோவில் ஜெனித் நிறுவனம் 300 குடும்பங்களுக்கு ஃபோன்விஷன் என்ற சேவையை 90 நாட்கள் நடத்திப் பார்த்தது. ஒளிபரப்பில் படம் இடவலமாகத் துள்ளும். அதை நிறுத்துவதற்கான சாவி சிக்னல் டெலிபோன் ஒயரில் வரும். 1984-இல் பிரான்சில் தொடங்கிய கனால் பிளஸ் ஒவ்வொரு கோட்டையும் மூன்று வேறு அளவுகளில் ஒன்றால் தள்ளிவைத்தது. பிரிட்டனில் ஸ்கை பயன்படுத்திய வீடியோகிரிப்ட், ஒவ்வொரு கோட்டையும் 256 இடங்களில் ஏதாவது ஓர் இடத்தில் வெட்டி, இரண்டு துண்டுகளையும் இடம் மாற்றி வைத்தது. எங்கே வெட்டியது என்ற ரகசியத்தை ஸ்மார்ட் அட்டை காத்தது. அந்த அட்டையை அடையாளம் காணும் முறைக்கு அடி ஷமீர் என்ற கணித மேதையின் கண்டுபிடிப்பு பயன்பட்டது. இவ்வளவையும் அண்ணன் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளிலிருந்து கற்றிருந்தார். அந்தப் பத்திரிகைகளை மூர் மார்க்கெட்டில் எடைக்கு வாங்குவார்.

கேட்டுக்கொண்டேன், விளங்கவில்லை. அப்போது அவர் செய்ததுதான் என் பயிற்சிக் காலத்திலேயே பெரிய காரியம் என்று நினைக்கிறேன். சினிமா சுவரொட்டி ஒன்றிலிருந்து ஒரு முகத்தைக் கிழித்துக் கொண்டுவந்தார். அதைக் கிடைமட்டப் பட்டைகளாக நறுக்கினார். ஒவ்வொரு பட்டையையும் வெவ்வேறு இடத்தில் வெட்டி, வலத்துண்டை இடப்பக்கமாக வைத்து அட்டையில் ஒட்டினார். வெட்டிய இடங்களை ஒரு துண்டுத் தாளில் எண்களாக எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “சாவி எங்கிட்ட இருக்கு. நீ முகத்தைக் கொண்டுவா.”

சாயந்தரம் முழுக்க உட்கார்ந்தேன். முதலில் துண்டுகளை எடுத்து வைத்து வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு பட்டையில் புருவத்தின் விளிம்பு நின்ற இடத்தையும், அடுத்த பட்டையில் அது தொடர வேண்டிய இடத்தையும் பார்த்தபோது வழி கிடைத்தது. மேல் கோடும் கீழ்க் கோடும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒத்துப்போகும்வரை நகர்த்தினால் போதும். கோணல்மாணலாக முகம் வந்தது. அண்ணன் பாராட்டுவார் என்று பார்த்தேன். “வந்துச்சா? அப்ப இது நல்ல பூட்டு இல்ல” என்றார். ஜெர்மனியைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் என்பவர் 1990-களில் இதே வழியில், பக்கத்துக் கோடுகளின் ஒற்றுமையை மட்டும் வைத்து, பூட்டிய படத்தைக் கம்ப்யூட்டரால் திறந்து காட்டியதைப் பின்னாளில் படித்தபோது அந்தச் சாயந்தரம்தான் நினைவுக்கு வந்தது.

பாடம் அதோடு முடியவில்லை. இன்னொரு முகத்தை அதேபோல் கலைத்து ஒட்டினார். இந்த முறை, ஒட்டிய தாளின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து இடமிருந்து வலமாக மெல்ல மெல்லக் கறுக்கும்படி தீட்டினார். கலைந்த படத்தில் அந்தத் தீற்றல் கண்ணுக்கே படவில்லை. பிறகு சாவித் தாளைக் கொடுத்துப் படத்தைத் திருப்பச் சொன்னார். முகம் சரியாக வந்தது. ஆனால் ஒவ்வொரு பட்டையிலும், வெட்டுப்பட்ட இடத்தில், கறுத்த முனையும் வெளுத்த முனையும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முகம் பூராவும் கீறல் விழுந்ததாகத் தெரிந்தது. கலைந்த தாளில் கறுப்பு ஒழுங்காகத்தான் இருந்தது. படத்தை ஒழுங்காக்கியபோது அது கலைந்துவிட்டது.

“பூட்டின படம் போற பாதை, பூட்டாத படம் போற பாதையைவிடச் சுத்தமா இருக்கணும். பூட்டுறதுக்கு முன்னாடியே தொடைச்சிரணும். பூட்டினப்புறம் எது அழுக்கு, எது படம்னு சாமிக்கும் தெரியாது.” அந்தத் தாளை நான் நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளியும் பூட்டும் எனக்கு அதுவரை இரண்டு தனி வேலைகளாக இருந்தன. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசைதான் அவற்றை ஒரே தொழிலாக்குகிறது.

2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் கண்டிஷனல் அக்சஸ் முறை நடைமுறைக்கு வந்தது. கட்டணச் சேனல் வேண்டுமென்றால் செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டியிருந்தது. எங்கள் ரேக்குகளிலும் என்கோடர், மல்டிபிளக்சர், ஸ்கிராம்பிளர் எல்லாம் ஏறின. அண்ணனுக்கும் இது புதிது. கையேட்டை எனக்கு முன்னால் அவர் படித்து முடித்தார்.

டிஜிட்டலில் படம் கோடுகளாகப் போவதில்லை. என்கோடர் சுருக்கிய படம் 188 பைட் பொட்டலங்களாகப் போகும். ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும் பதினாறடிமான எண்ணில் 47. பழைய துடிப்பு செய்த வேலையை அது செய்கிறது. முதல் 4 பைட்டுகள் முகவரி, அதைப் பூட்டுவதில்லை. மீதி 184 பைட்டுகளையும் 1994-இல் ஐரோப்பியர்கள் ஒத்துக்கொண்ட பொதுக் கலைப்பு முறையால் கலைத்துவிடுவார்கள். அதைக் கலைக்கும் சாவி சுமார் 10 நொடிக்கு ஒருமுறை மாறும். ஒற்றைச் சாவி, இரட்டைச் சாவி என்று மாறி மாறி. இப்போது எது என்று முகவரியில் 2 பிட்டுகள் சொல்லும். அந்தச் சாவியும் சும்மா போகாது, ஈ.சி.எம். என்ற பொட்டலத்துக்குள் தானும் பூட்டப்பட்டுப் போகும். இந்த வீட்டுக்கு இந்தச் சேனலுக்கு உரிமை உண்டு என்பது ஈ.எம்.எம். என்ற வேறொரு பொட்டலத்தில். இங்கே பக்கத்துக் கோட்டை ஒத்துப் பார்த்துத் திறக்க வழியே இல்லை. புருவமும் இல்லை, விளிம்பும் இல்லை. அண்ணனுக்கு இந்தப் பூட்டின் மேல் பெரிய மரியாதை.

ஆனால் புள்ளி இங்கே வேறு விதமாகப் பழிவாங்கும். என்கோடர், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்று பார்த்து, மாறியதை மட்டும் அனுப்பிப் பிட்டைச் சேமிக்கிறது. புள்ளிகளோ ஒவ்வொரு படத்திலும் புதிய இடத்தில் விழுபவை. என்கோடருக்குப் புள்ளியும் ஒரு செய்திதான். எல்லாவற்றையும் அனுப்பப் பார்த்துப் பிட் தீர்ந்துபோய், முகத்தில் கட்டம் கட்டமாக விழும். பூட்டிவிட்டுச் சுருக்கலாம் என்றால் முடியாது. பூட்டிய தரவில் ஒன்றையொன்று ஒத்தது எதுவும் மிஞ்சாததால் சுருக்க ஒன்றும் இருக்காது. ஆக, துடை, சுருக்கு, பூட்டு. சுவரொட்டித் தாளில் சொன்ன வரிசை இங்கேயும் அப்படியே நின்றது.

துடைக்கும் வேலை என்னிடம் வந்தது. என்கோடருக்கு முன்னால் இரைச்சல் வடிகட்டி ஒன்று வைத்திருந்தோம். அது கடந்த படங்களை நினைவில் வைத்துக்கொண்டு இப்போதைய படத்தோடு கலக்கும். நான்கு படங்களை எடுத்துக்கொண்டால், அசையாத சுவர் நான்கிலும் ஒன்றாகவே இருக்கும். புள்ளி நான்கிலும் வேறு வேறு இடத்தில் விழும். நான்கையும் சராசரி எடுத்தால் சுவர் அப்படியே நிற்க, புள்ளியின் பலம் பாதியாகும், அதாவது 6 டி.பி. இதைக் கேட்டதும் நான் அளவைக் கூட்டினேன். பழைய படம் போடும் ஒரு சேனலில் பிசிறே இல்லாத திரை வந்தது. எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அன்று இரவு கிரிக்கெட். அதே அளவை விளையாட்டுச் சேனலுக்கும் வைத்திருந்தேன். விளக்கொளியில் வெள்ளைப் பந்துக்கு வால் முளைத்தது. வேகமான பந்தில் பந்தே இல்லை, வெறும் ஒரு வெளிர்ப்பு. கீழே ஓடும் ஸ்கோர் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தன. டெலிபோன் நிற்கவில்லை. அசைவதைச் சராசரி எடுத்தால் அசைவே அழியும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வடிகட்டியில் அசைவைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் ஓர் அமைப்பு உண்டு. அதைக் கூர்மையாக்கினேன். இப்போது பந்து பிழைத்தது, ஆனால் புள்ளியையே அசைவு என்று எண்ணி வடிகட்டி ஒதுங்கிக்கொண்டது, புள்ளி திரும்பியது. மந்தமாக்கினால் பந்து போயிற்று. இரண்டுக்கும் நடுவே அலைந்தேன்.

பிறகு வேறொரு வழியில் போனேன். முந்தைய படங்களை விட்டுவிட்டு, அதே படத்துக்குள் பக்கத்துப் பிக்சல்களோடு ஒத்துப் பார்த்து, சின்னச் சின்ன வேறுபாடுகளை மழிக்கும் வடிகட்டியைக் கூட்டினேன். பந்துக்கு வால் இல்லை. புகார் ஒன்றும் வரவில்லை. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அண்ணன் ஒரு கச்சேரி நிகழ்ச்சியைச் சுட்டிக்காட்டி, “அந்தம்மா கட்டியிருக்கிறது என்ன புடவை?” என்று கேட்டார். பட்டு என்றேன். “எப்படித் தெரியும்?” பார்த்தேன். நெசவு இல்லை, ஜரிகையின் மினுக்கம் இல்லை, ஒரே நிறத் தகடு. கன்னத்தில் தோலும் இல்லை. அவர் பாடகி, ஆகவே பட்டாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். “புகார் வராததுனால சரின்னு ஆகிடாது. அவங்க நெசவை நீ எடுத்துட்ட. எடுத்தது அவங்களுக்குத் தெரியாது” என்றார். அவர் என்னைக் கடிந்துகொண்டதில் இதுதான் ஆழமாகப் போனது. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அந்த மெஷினில், வடிகட்டிய படத்தை விட்டுவிட்டு, வடிகட்டி எடுத்து எறிந்ததை மட்டும் திரையில் காட்டும் ஒரு வசதி இருந்தது. அதுவரை நான் அதைத் தொட்டதில்லை. அண்ணன் அதைப் போட்டார். சாம்பல் நிறத் திரையில் அந்தப் பாடகியின் முகம் கோட்டோவியமாகத் தெரிந்தது. புடவையின் கரை தெரிந்தது. வீணையின் தந்திகள் தெரிந்தன. எல்லாம் நான் எடுத்து எறிந்தவை. அளவைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனேன். முகம் மங்கியது, தந்திகள் போயின, கரை போயிற்று. கடைசியில் உருவம் எதுவும் இல்லாத வெறும் மணல் மட்டும் அந்தத் திரையில் பொரிந்தது. அண்ணன், “அங்கேயே நிறுத்து” என்றார். அதன் பிறகு நான் படத்தைப் பார்த்து அளவு வைப்பதை விட்டுவிட்டேன். எறிந்ததைப் பார்த்துத்தான் வைக்கிறேன். ஒவ்வொரு சேனலுக்கும் வேறு அளவு. ஒரே சேனலிலும் பழைய படத்துக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று.

செட்டாப் பாக்ஸ் காலத்தில் இன்னொரு தொல்லை, கறுப்புத் திரை. அனலாக்கில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி ஏறும், நமக்கு முன்கூட்டியே தெரியும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை படம் பழுதில்லாமல் இருக்கும், எல்லை தாண்டினால் கட்டம் விழுந்து நின்றுவிடும். சிக்னல் போனாலும் கறுப்பு, உரிமை இல்லையென்றாலும் கறுப்பு. மீட்டரில் பிட் பிழை விகிதம் நன்றாக இருந்து திரை கறுத்திருந்தால் பூட்டைப் பார்க்க வேண்டும். விகிதம் மோசமென்றால் ஒயரைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கையேடு சொன்னது.

ஒருநாள் ஒரே ஒரு சேனல் விட்டு விட்டு வந்தது. லைன் ஆட்கள் அந்த வட்டாரத்தின் கனெக்டர்களையெல்லாம் மாற்றிவிட்டார்கள். எனக்கும் முதலில் ஒயர் மேல்தான் சந்தேகம். பெட்டிக்குப் பெட்டி ஏறி இறங்கினேன், மீட்டர் எல்லா இடத்திலும் நன்றாகவே காட்டியது. கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பி, அந்தச் சேனலின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். வருகிறது, போகிறது. வருகிறது, போகிறது. என்னை அறியாமல் விரல்கள் எண்ணிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கையில் போயிற்று, ஒரே எண்ணிக்கையில் வந்தது. கிட்டத்தட்டப் பத்து நொடி. அந்தக் கணத்தில் எழுந்துவிட்டேன். இரைச்சல் கணக்குப் பார்த்து வராது. வெப்பத்துக்கும் சூரியனுக்கும் துருப்பிடித்த கனெக்டருக்கும் பத்து நொடித் தாளம் கிடையாது. தாளம் இருந்தால் அது சாவி. இரட்டைச் சாவி போய்ச் சேர்கிறது, ஒற்றைச் சாவி சேரவில்லை.

பார்த்தால் அப்படித்தான். அந்தச் சேனலுக்கான ஈ.சி.எம். நேர அமைப்பு தவறிப்போய், ஒரு சாவி மட்டும் காலம் தாழ்த்திப் போய்க்கொண்டிருந்தது. திருத்தினேன். பத்து நொடி, இருபது, முப்பது, படம் நின்றது. அண்ணன் பின்னால் நின்றிருந்தது எனக்குத் தெரியாது. “எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றார். “எண்ணிப் பாத்தேண்ணே.” அவர் அந்தச் சேனலையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் நாற்காலியை இழுத்து என் பக்கம் போட்டு உட்கார்ந்து, லாக் புத்தகத்தில் இதை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்: என்ன தெரிந்தது, எதைச் சந்தேகித்தோம், சந்தேகம் ஏன் தவறு, கடைசியில் எது. நான் எழுதியதில் ஒரு வரியை அடித்து, லைன் ஆட்கள் மாற்றிய கனெக்டர்களும் பழையவைதான், மாற்ற வேண்டியவைதான் என்று சேர்க்கச் சொன்னார். அவர்கள் உழைப்பு வீண் என்று புத்தகத்தில் இருக்கக் கூடாது என்றார்.

அடுத்த வாரம் இரவு ஷிஃப்ட்டுக்கு என் பெயரைத் தனியாக எழுதினார். முதல் இரவில் எல்லாச் சேனல்களின் வடிகட்டியையும் நானே வைத்தேன், எறிந்ததைப் பார்த்துப் பார்த்து. காலையில் அண்ணன் வந்து ஒவ்வொன்றாகத் திரையில் போட்டுக்கொண்டே போனார். ஒரு சேனலில் மட்டும் நின்று, அளவை ஒரு படி இறக்கினார். நான் குனிந்து பார்த்தேன். சாம்பல் திரையின் ஓரத்தில் ஒரு மரக்கிளையின் விளிம்பு மிகமிக மெல்லிசாகத் தெரிந்திருக்கிறது, எனக்குப் படவில்லை. அவர் இறக்கிய பிறகு அது இல்லை.